டாக்டர் பெயரைச் சொல்லித் தட்டியது

செண்பகவல்லி வேலைக்குச் சேர்ந்த அன்று, அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வைஃபை பாஸ்வேர்டு வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒளிவுமறைவே கிடையாது, கண்ணுகளா. பெரிய பெரிய எழுத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு, நாள்காட்டிக்குப் பக்கத்தில். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் போனில் போட்டுக்கொண்டார்கள். துணைக்கு வந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். எதிர் நடைபாதையில் சாண்ட்விச் போடுகிறவரும், மாடியில் பிள்ளைக்கு ட்யூஷன் முடிகிற வரைக்கும் ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கிற அப்பாமார்களும் அதில்தான் கிரிக்கெட் பார்த்தார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மஞ்சள் காமாலை, யார் வீட்டில் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்கிற ரிப்போர்ட்டெல்லாம் போய்வந்ததும் அதே வழியில்தான்.

மாட்டுங்காவில் பூக்கடைகளைத் தாண்டி உள்ளே போனால் வருகிற பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்க அந்த நிலையம். ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஓர் ஏஜென்சி மூலமாகக் கான்ட்ராக்டில் வந்தவள்தான் செண்பகவல்லி. தாராவிப் பெண். பெற்றவர்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த ஊர் அம்மன் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டார்கள். வடாலாவில் கல்லூரி படித்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் வல்லி. கான்ட்ராக்ட் முடியும்போது வேலை பிடித்திருந்தால் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மேனேஜர் விசாலாக்ஷி.

வந்த வாரமே வல்லி அந்தத் தாளைச் சுவரிலிருந்து கிழித்தாள். விசாலாக்ஷியின் அறைக்குப் போய் மேசைமேல் வைத்தாள்.

"மேடம், இது எல்லாருக்கும் ஒரே சாவி. யார் உள்ள வந்தாங்க, யார் போனாங்கன்னே தெரியாது. இனிமே ஸ்டாஃப்ல ஒவ்வொருத்தருக்கும் தனிப் பேர், தனிப் பாஸ்வேர்டு. அதே பேர்லதான் வைஃபை, அதே பேர்லதான் ரிப்போர்ட் சாஃப்ட்வேரும் திறக்கும். வாசல்ல ஒரு வாட்ச்மேன் நிக்கிறான்னு வச்சுக்குங்க. பேர் சொல்லணும், ரகசியம் சொல்லணும், அப்புறம்தான் உள்ள."

"தப்பாச் சொல்லிட்டா?"

"கொஞ்சம் பொறுத்துப்பான். திரும்பத் திரும்பத் தப்பாச் சொன்னா அந்தப் பேரையே பூட்டிடுவான். நான் வந்து திறந்தாத்தான் உண்டு."

விசாலாக்ஷி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிற குடும்பம். கணக்கு, ஆள், சாமான், டிரஸ்டிகள் என்று அந்த நிலையத்தை இடுப்பில் செருகிய சாவிக்கொத்து மாதிரி வைத்திருப்பவள்.

"நம்மாத்துக்குள்ள போறதுக்கு நாமளே பேர் சொல்லணுமாக்கும்! சரி, பண்ணு. ஆனா காலம்பற ரிப்போர்ட் லேட்டாகப்படாது. அது ஒண்ணுதான் எனக்கு."

வல்லி செய்தாள். ஒவ்வொருவர் போனையும் கையில் வாங்கி, பெயர் போட்டு, பாஸ்வேர்டை அவர்களையே போடச் சொல்லித் திரும்பி நின்றுகொண்டாள். நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு வைஃபை விட்டாள். அதில் இணையம் மட்டும் வரும், ரிப்போர்ட் பக்கமே போக முடியாது. சாண்ட்விச்காரர் ஒரு நாள் கோபித்துக்கொண்டார், மறுநாள் சமாதானமாகிவிட்டார். ரத்தம் எடுக்கிற ராஹில் மட்டும் பார்க்கிறபோதெல்லாம் நெற்றியில் கை வைத்து சல்யூட் அடிப்பான்.

"பேர் ராஹில். ஊசி குத்தறவன். பாத்ரூம் போலாமா வாட்ச்மேன் சாப்?"

"பாஸ்வேர்டு சொல்லு, விடுறேன்" என்பாள் வல்லி.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தீபாவளி கழிகிற வரைக்கும். பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பது வல்லி போட்ட விதிகளில் ஒன்று. தீபாவளி விடுமுறை முடிந்து வந்த அன்று எல்லோரையும் மாற்றச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்கள். டாக்டர் வைத்தீஸ்வரனும் மாற்றினார்.

மறுநாள் காலையில் அவர் பெயர் பூட்டிக்கொண்டது.

டாக்டர் வைத்தீஸ்வரன்தான் அங்கே ரிப்போர்ட்டுகளைப் பார்த்துச் சம்மதம் கொடுக்கிறவர். அவர் தன் பெயரில் உள்ளே போய் ஒப்புக்கொண்டால்தான் ஒரு காகிதம் அச்சாகும். அவர் பெயர் பூட்டினால், வெறும் வயிற்றோடு விடிகாலையில் வந்து ரத்தம் கொடுத்தவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கதவையே பார்ப்பார்கள்.

"என்னம்மா வல்லி, உன் வாட்ச்மேன் என்னையே யாருன்னு கேக்கறான்?" என்றார் டாக்டர். முதல் நாள் என்பதால் சிரித்தார்.

வல்லி திறந்துவிட்டாள். அதற்கு அடுத்த நாளும் பூட்டிக்கொண்டது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் காலையில், டாக்டர் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பூட்டிக்கொண்டது. வல்லி திறந்துவிட்டால் அன்று முழுக்க ஒன்றும் ஆகாது. மறுநாள் காலையில் மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை நிலையம் மூடியிருக்கும். அன்று மட்டும் பூட்டவில்லை.

டாக்டருக்குச் சிரிப்பு போய்விட்டது.

வல்லிக்குத் தன் வேலை தெரியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை, உங்களுக்கும் வேண்டாம். பழைய பாஸ்வேர்டை மனதில் வைத்திருக்கிற ஏதோ ஒரு போன்தான், டாக்டர் பெயரைச் சொல்லி மறுபடி மறுபடி கதவைத் தட்டுகிறது என்று அவளுக்கு முதல் நாளே தோன்றிவிட்டது. ஆனால் எந்தப் போன்? டிரஸ்ட் வாங்கிக் கொடுத்திருந்த வைஃபை பெட்டிகள் மலிவுச் சரக்கு. எந்தப் பெயரில் தட்டல் வந்தது, எந்தப் பெட்டியில் வந்தது என்று சொல்லும். தட்டிய போன் இன்னது என்று சொல்லாது. வந்தது வரவேற்பறைப் பெட்டியில். அவ்வளவுதான் கிடைத்தது. டாக்டர் அறையோ கட்டடத்தின் மறுகோடி.

பூட்டையே எடுத்துவிடலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். ராஹிலும் அதைத்தான் கேட்டான். எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் சொல்லி, திறக்கிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருக்கலாம். ஊராரின் நோய்நொடி இருக்கிற வீடு அது. அதற்கு வல்லி இசையவில்லை.

அவள் டாக்டரிடமே போனாள்.

"சார், உங்ககிட்ட வேற போன் ஏதாவது இருக்கா? டேப், பழைய போன் மாதிரி?"

"இது ஒண்ணுதான். நவராத்திரிக்குப் பொண்ணு வாங்கிக் குடுத்தா."

"அதுக்கு முன்னாடி வச்சிருந்தீங்களே, அந்தப் போன்?"

டாக்டர் கண்ணை நுண்ணோக்கியை விட்டு எடுக்கவில்லை. "கொடுத்தாச்சு."

"யாருக்கு சார்?"

"கொடுத்தாச்சும்மா. கொடுத்ததைப் பத்திப் பேசப்படாது. எங்காத்துல அது வழக்கமில்லை. யாருக்குன்னு சொல்லப்படாது, எதுக்குன்னு சொல்லப்படாது. சொன்னா கொடுத்த மாதிரியே இல்லை."

"அந்தப் போன்தான் உங்க பேரைப் பூட்டுதோன்னு..."

"அதான் சிம்மைக் கழட்டிட்டேனே! சிம்மே இல்லாத போன் யாரைக் கூப்பிடப் போறது? அதுல உசிரே கிடையாது. நீ வேற எடத்துல தேடு."

சிம் இல்லாவிட்டாலும் வைஃபை பேசும் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் நர்ஸ் ஒருத்தி ஸ்லைடுகளோடு வந்துவிட்டாள்.

வெளியே வந்தபோது விசாலாக்ஷி கதவோரம் காத்துக்கொண்டிருந்தாள்; உள்ளே பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது. அன்று காலை ஒரு பெரியவர், தன்னை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகக் காரோடு காத்திருந்த மகனிடம், இங்கே கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாம் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வல்லி, நான் உன்னைக் குத்தம் சொல்லலை. நீ நன்னாப் பண்றே. ஆனா நீ பண்ணினது நமக்குச் சரிப்படலை. முன்னாடி சுவத்துல ஒரு காகிதம் இருந்தது, ஒரு நாளும் டாக்டர் வெளியில நின்னது கிடையாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கும் காலம்பற பூட்டிண்டுதுன்னா பழையபடி ஒரே பாஸ்வேர்டு. அப்புறம் உன்னை நிரந்தரமாக்கறதுக்கு டிரஸ்டிகள்கிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுண்டு பேசறது?"

"பழையபடி போக வேண்டாம் மேடம். யார் தட்டறாங்கன்னு கண்டுபிடிச்சிடுவேன்."

"யாரு தட்டுவா? அய்யாத்துரைகிட்டத்தான் அந்தப் போன் இருக்கும். டாக்டர் எதைக் கொடுத்தாலும் அவனுக்குத்தானே கொடுப்பார்? கேட்டுப் பார்."

அய்யாத்துரை அந்த நிலையத்தின் அட்டெண்டர். அவரும் தாராவிதான், வல்லி வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. காலையில் குளித்துத் திருநீறு பூசி முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பார். வரவேற்பறையில் தேக்கு மரத்தில் சின்னக் கதவுகள் வைத்த சாமி மாடம் ஒன்று இருக்கிறது. அதைத் துடைத்து, பூப்போட்டு, விளக்கேற்றி, பாட்டு வைப்பதும் அவர்தான். வேறு யாரும் அந்த மாடத்தில் கை வைப்பதில்லை. பாட்டு முடிந்தபிறகுதான் முதல் டோக்கன் கூப்பிடுவார்கள்.

வல்லி போனபோது அவர் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, டாக்டர் பழைய போன உங்களுக்கா குடுத்தாரு?"

"எனக்கா? எனக்கு எதுக்கு தாயி?" சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டினார். "இதுல பேசுதேன், அதுவே போதும். உள்ளதச் சொல்லுதேன், எனக்குக் குடுக்கல."

"அப்ப யாருக்குக் குடுத்தாருன்னு தெரியுமா?"

விளக்கைத் தேய்த்த கை நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

"பெரியவுக கொடுக்கல் வாங்கல் நமக்கெதுக்கு? நீ போயி உன் சோலியப் பாரு."

"என் சோலியே இதுதான் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமையோட என் சோலியே போயிரும் போல இருக்கு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. குனிந்து மறுபடி விளக்கைத் தேய்த்தார். அந்த மனுஷருக்குப் பொய் சொல்லத் தெரியாது, பாவம். வாயை மூடிக்கொள்ள மட்டும்தான் தெரியும். இவருக்குத் தெரியும் என்று வல்லிக்குப் பட்டது. ஆனால் வற்புறுத்தவில்லை. நாளைக் காலையில் நானே அங்கே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை அவள் அய்யாத்துரை வந்த சற்று நேரத்திலேயே வந்துவிட்டாள். வரவேற்பறைப் பெஞ்சின் ஓரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் பெயர் பச்சையாக, திறந்தபடி, நல்ல பிள்ளையாக இருந்தது. ஒருவர் ஒருவராக வந்தார்கள். ராஹில் வந்தான். விசாலாக்ஷி ஈரத் தலையின் நுனியில் முடிச்சோடு மல்லிகைப் பூவைக் கொண்டுவந்து அய்யாத்துரையிடம் கொடுத்தாள். எல்லோருடைய போனிலும் இருந்த எல்லாப் பெயர்களும் ஒவ்வொன்றாக உள்ளே போவதை வல்லி திரையில் பார்த்தாள். தப்பான தட்டல் ஒன்றுகூட இல்லை.

அய்யாத்துரை விளக்கேற்றினார். மாடத்துக்குள் கையை விட்டு எதையோ அழுத்தினார். எல்லோரும் எழுந்து கைகூப்பினார்கள்.

பாட்டு தொடங்கியது. திரையில் தட்டல் விழுந்தது.

ஒரு தட்டல். இன்னொரு தட்டல். வல்லி தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். கூப்பிய கைகள். எந்தக் கையிலும் போன் இல்லை. வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒரு குப்பை வண்டி மட்டும் நின்றது. தட்டல் மேலும் விழுந்தது. டாக்டர் பெயர் சிவப்பானது. பூட்டிக்கொண்டது.

அப்போது பாட்டுக்கு நடுவே "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டது.

சார்ஜ் குறைந்தால் போன் போடுகிற சத்தம். கைகூப்பியபடியே ஒவ்வொருவரும் தங்கள் பையையும் பாக்கெட்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். விசாலாக்ஷி ராஹிலை முறைத்தாள். அவன் உதட்டைப் பிதுக்கித் தன்னுடையது இல்லை என்று தலையாட்டினான். சத்தம் பெஞ்சுப் பக்கமிருந்து வரவில்லை, மேசைப் பக்கமிருந்தும் வரவில்லை. வல்லிக்கு நேர் எதிரே, மல்லிகைச் சரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அய்யாத்துரை மட்டும் எங்கும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாடத்தில் வெகுகாலமாக ஒரு பாட்டுப்பெட்டி இருந்தது. கோயில் வாசலில் விற்பார்களே, உள்ளங்கை அகலத்தில், பேட்டரி போட்டுவிட்டால் ஒரே நாமத்தைச் சொல்லிக்கொண்டே இருக்குமே, அது. அது இப்போதும் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. பாட்டு அதிலிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பெட்டி இந்த மாதிரி விதவிதமாகப் பாடாது, டிங் என்றும் சொல்லாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி பக்கத்திலிருந்து வருவதை யார் ஆராய்ச்சி செய்வார்கள்? எல்லோருடைய போனையும் வாங்கிப் பார்த்த வல்லி, சாமியிடம் மட்டும் கேட்கவில்லை.

பாட்டு முடிந்து எல்லோரும் கலைந்ததும் அய்யாத்துரை மறுபடி மாடத்துக்குள் கைவிட்டு எதையோ அணைத்தார். வல்லி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, பெட்டி எப்பக் கெட்டுப்போச்சு?"

அவர் தோள் தொங்கிவிட்டது.

"சரசுவதி பூசையன்னிக்கு. பாட்டே வரல. மேனேஜர் அம்மா வருத்தப்படுவாவளேன்னு நான் முழிச்சிட்டு நிக்கேன், டாக்டர் ஐயா பாத்துட்டாவ. சாயங்காலம் எல்லாரும் போனப்பொறம் அவுக போனக் கொண்டாந்து, பாட்டெல்லாம் ஏத்தி, பின்னால வச்சிட்டு, எப்படி அமுக்கணும், எப்படி சார்ஜ் போடணும்னு எனக்குச் சொல்லித் தந்தாவ. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு விளக்குக்கு முன்னால சத்தியம் வாங்கிட்டாவ. இப்ப நீ கேட்ட, பெட்டியப் பத்தித்தான் நான் சொன்னேன். போனப் பத்தி நானா வாயத் தொறக்கலையே தாயி?"

"நீங்க ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. நானாத்தான் கேட்டேன்."

"உன் சோலிக்கு ஆபத்துன்னு நீ சொன்னதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. அந்தப் போனுதான் இதுக்குக் காரணம்னு எனக்குத் தெரியாதுட்டி. சாமிகிட்ட இருக்கது பூட்டப் போடுமா?"

ராஹில் கையுறை மாட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்றிருந்தான். அரைகுறையாகக் காதில் விழுந்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"அரே வா! கிடைச்சிடுச்சா? அப்புறம் என்ன யோசிக்கற? மேடம் ரூம்லதான் இருக்காங்க. கூப்பிடு, எல்லார் முன்னாடியும் எடுத்துக் காட்டு. டாக்டரோட போனே டாக்டரைப் பூட்டுதுன்னு சொல்லு. இத்தனை நாள் உன்னைத்தானே எல்லாரும் பாத்தாங்க?"

வல்லிக்கும் அந்த ஆசை வந்தது. வராமல் இருக்குமா? விசாலாக்ஷியின் கதவு திறந்தே இருந்தது. நாலு எட்டு வைத்தால் அவள் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் அய்யாத்துரை விளக்கின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மனுஷர் காப்பாற்றி வைத்திருந்த ஒரு வார்த்தையை, அவர் நிற்கிற இடத்திலேயே உடைத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"கொடுத்தவர் இருக்காருல்ல. முதல்ல அவர்கிட்ட பேசறேன்" என்றாள் ராஹிலிடம். "நீ போய் ஊசியைக் குத்து."

டாக்டர் அறைக்குப் போய், எதுவும் பேசுவதற்கு முன்னால் அவர் பெயரைத் திறந்துவிட்டாள். அவர் விறுவிறுவென்று ரிப்போர்ட்டுகளை ஒப்புக்கொள்ளத் தொடங்கினார். வெளியே அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. காத்திருந்தவர்களின் ரிப்போர்ட் ஒரு சுற்று போகிற வரைக்கும் அவள் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"சார், அந்தப் போன் இருக்கற எடம் தெரிஞ்சிடுச்சு."

டாக்டர் சுழல் நாற்காலியோடு திரும்பினார். முகம் சிவந்துவிட்டது.

"அய்யாத்துரை சொன்னானா?"

"இல்ல சார். போனே சொல்லிச்சு. சார்ஜ் இல்லன்னு கத்திச்சு."

"சரி. தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போறது. அதை அங்கேர்ந்து எடுக்கணும்னு மட்டும் சொல்லாதே. பகவானுக்குன்னு வச்சதைத் திருப்பி எடுக்கற வழக்கம் எங்களுக்குக் கிடையாது."

"எடுக்க வேண்டாம் சார். அங்கேயே இருக்கட்டும், பாட்டும் பாடட்டும். ஆனா ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. நீங்க இன்னும் முழுசாக் கொடுக்கல."

"என்னது?"

"சிம்மைக் கழட்டினீங்க. உங்க பேரைக் கழட்டல. வைஃபைக்கு சிம் தேவையில்ல சார். தினமும் காலையில அண்ணாச்சி அதை ஆன் பண்ணினதும் அது முதல் வேலையாப் பாட்டுப் பாடறதில்ல. 'நான் வைத்தீஸ்வரன், நான் வைத்தீஸ்வரன், என்னை உள்ள விடு'ன்னு கதவைத் தட்டுது. அது சொல்றது பழைய ரகசியம். நீங்க மாத்தினது அதுக்குத் தெரியாதே? அதனால கதவு சாத்திக்குது. நீங்க யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே கொடுத்தீங்க? அது உங்க பேரைச் சொல்லாத நாளே கிடையாது. விளக்கேத்தற நேரம் பாத்துச் சொல்லுது."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மறுபடி எடுத்துத் துடைத்தார்.

"கோவில்ல ஃபேனுக்கு ஃபேன் பேர் எழுதி வைக்கறவாளைப் பாத்து நான் சிரிச்சிருக்கேன், தெரியுமோ?" என்றார் கடைசியில். "அவாளாவது ஒரு தடவை எழுதினா. நான் தினம் கத்திண்டிருந்திருக்கேன்."

"கத்தினது போன் சார்."

"என் பேர்லன்னா கத்தினது?" என்று எழுந்தார். "வா. என்ன பண்ணணும்னு சொல்லு. என் கையாலேயே பண்ணிடறேன்."

அவர் கைகால் கழுவிக்கொண்டு வரவேற்பறைக்கு வந்து மாடத்தின் கதவுகளைத் திறந்ததும் கூடத்தில் பேச்சு நின்றது. டாக்டர் அந்த நேரத்தில் அறையை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. விசாலாக்ஷி பேனாவும் கையுமாக எழுந்து வந்தாள். அய்யாத்துரை சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

டாக்டர் படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் போனை எடுத்தார். குங்குமம் ஒட்டியிருந்தது. வல்லி அதைத் தொடவில்லை. ஓர் அடி தள்ளி நின்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆன் பண்ணுங்க சார். செட்டிங்ஸ். வைஃபை. நம்ம நிலையத்தோட பேர் இருக்கும் பாருங்க. அதை அழுத்திப் பிடிங்க."

"பிடிச்சாச்சு. ஃபர்கெட்டுன்னு கேக்கறது. மறந்துடறதுன்னா எல்லாத்தையுமா? பாட்டும் போயிடுமா?"

"பாட்டு போகாது. உங்க பேரும் ரகசியமும் மட்டும்தான் போகும்."

"அது போகட்டும்" என்று அழுத்தினார். "அப்புறம்?"

"வைஃபையையே அணைச்சிடுங்க. அவ்வளவுதான் சார்."

டாக்டர் போனைத் துண்டால் துடைத்து, படத்துக்குப் பின்னால் பழைய இடத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார். போகிற வழியில் அய்யாத்துரையின் தோளில் ஒரு தட்டு தட்டினார். அதைப் பார்த்ததும்தான் அய்யாத்துரைக்கு மூச்சு வந்தது.

விசாலாக்ஷி மாடத்தையும் வல்லியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ நவராத்திரிலேர்ந்து பாடிண்டிருந்தது பொட்டி இல்லையா? நான் புது பேட்டரி வாங்கிக் குடுத்ததுனாலதான் இப்படி நன்னாப் பாடறதுன்னு டிரஸ்டி மாமிகிட்டகூடச் சொல்லி வச்சிருக்கேனே!"

ராஹில் சிரிப்பை அடக்க முடியாமல் ஊசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

வெள்ளிக்கிழமை காலை விசாலாக்ஷி வேறு எங்கும் போகாமல் வல்லியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். விளக்கேற்றினார்கள். பாட்டு வந்தது. திரையில் டாக்டர் பெயர் பச்சையாகவே இருந்தது. பாட்டு முடிந்த கையோடு முதல் டோக்கன் கூப்பிட்டார்கள். டாக்டர் உட்கார்ந்த உடனே அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெயிலுக்குள் போனார்கள்.

விசாலாக்ஷி வல்லியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"சுவத்துக் காகிதம் இனிமே வேண்டாம். உன் வாட்ச்மேனே இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன். எல்லார் போனையும் பாத்தியே, அந்த மாடத்துல என்ன இருக்குன்னு பாக்கலையே நீ?"

"ஆமா மேடம், பாக்கல. இனிமே பாப்பேன்" என்றாள் வல்லி. தலையைக் குனியாமல்தான் சொன்னாள்.

"நம்ம தாணே கிளைலயும் பாஸ்வேர்டு சுவத்துலதான் ஒட்டியிருக்காம். திங்கக்கிழமை நீ போய் அங்கேயும் இதே மாதிரி பண்ணிடணும்."

"பண்றேன் மேடம். கான்ட்ராக்ட்ல இந்தக் கிளைக்கு மட்டும்தான் என்னை எடுத்திருக்கீங்க. நிரந்தரம்னு லெட்டர் கைக்கு வந்ததும் அடுத்த ரயில்ல போயிடறேன்."

விசாலாக்ஷி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பேர் சொல்லாம, ரகசியம் சொல்லாம யாரையும் உள்ள விடமாட்டே. நீ மட்டும் லெட்டர் இல்லாம வெளியில போவியா? சாயங்காலம் வாங்கிக்கோ."

சாயங்காலம் வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தாதரில் ரயில் மாறி, தாணேயில் இறங்கினாள். கிளை அலுவலகத்தில் வரவேற்பில் இருந்த சுஷ்மா என்கிற பெண் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வைஃபை பெட்டி இருக்கிற அறையின் சாவியை எடுத்து நீட்டினாள்.

"அது அப்புறம். முதல்ல, உங்க ஆபீஸ்ல சாமி எங்க இருக்கு?" என்று கேட்டாள் வல்லி.

சுஷ்மா விழித்தாள்.

"எந்த சாமி மேடம்? இங்க ஃப்ளோருக்கு ஒண்ணு இருக்கே!"

"எல்லாத்தையும் காட்டுங்க" என்று வல்லி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.